திருகோணமலை டில்லிக்குத் தெற்கா, கிழக்கா? ஒரு நாட்டின் வெளியுறவுச் சிந்தனை மாறும் விதம்

சென்னை 80.27 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. திருகோணமலை 81.23. அதாவது நமது துறைமுகம் சென்னையைவிட 100 கிலோமீற்றருக்கும் சற்றுக் கூடுதலாகக் கிழக்கே தள்ளி, வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி கிடக்கிறது. ஆனால் டில்லியில் கோப்பு எழுதுகிறவர்களுக்கு இலங்கை என்றால் எப்போதும் தெற்குத்தான். திருகோணமலையைத் தெற்கில் வைத்து யோசித்தால் வரும் கொள்கை ஒன்று. கிழக்கில் வைத்து யோசித்தால் வரும் கொள்கை வேறு. கடந்த 80 ஆண்டுகளில் இந்தியாவின் சிந்தனை இந்த இரண்டுக்கும் இடையே போய்வந்திருக்கிறது. அதைப் பின்தொடர்ந்தால், ஒரு நாட்டின் வெளியுறவுச் சிந்தனை பொதுவாக எப்படி மாறுகிறது என்பதும் பிடிபடும்.

முதலில் ஓர் அடிப்படை. வெளியுறவுக் கொள்கைக்குள் மூன்று பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பயம்: யார், எந்த வழியால் நம்மைத் தாக்கலாம் என்ற கணக்கு. இரண்டாவது தேவை: எண்ணெய், சந்தை, மின்சாரம், கப்பல் பாதை. மூன்றாவது கையில் இருக்கும் கருவி: படை, கடன், ஒப்பந்தம், உதவி. இவற்றோடு உள்நாட்டு அரசியலும் எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும். இந்தியா-இலங்கை விஷயத்தில் அது பெரும்பாலும் தமிழ்நாடு. இவை எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. கருவி ஓர் ஆண்டில் மாறலாம். தேவை பத்து இருபது ஆண்டில் மாறும். பயம் இரண்டு தலைமுறை கடந்தும் அப்படியே இருக்கும். புதிய பிரதமர் வந்து புதிய பெயர் சூட்டியதும் "கொள்கை மாறிவிட்டது" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கருவி மாறியதைப் பார்த்துவிட்டு, பயம் மாறாததைக் காணாமல் விடுகிறார்கள்.

பயம் கிழக்கிலிருந்து வந்தது

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. மார்ச்சில் அந்தமான் போனது. ஏப்ரல் 5 இல் கொழும்பும் 6 இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் 9 இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. அதே 9 ஆம் திகதி, மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் ஒரு பகுதி பம்பாய்க்கும் மறுபகுதி கென்யாவின் கிலிண்டினி துறைமுகத்துக்கும் பின்வாங்கியது. சில வாரங்களுக்கு வங்காள விரிகுடாவில் தடுப்பார் இல்லை.

சுதந்திர இந்தியாவின் கடல் சார்ந்த சிந்தனைக்கு விதை இங்கேதான் விழுந்தது. அந்தக் காலத்தில் வரலாற்றாசிரியரும் இராஜதந்திரியுமான கே. எம். பணிக்கர் போன்றவர்கள் இந்தியாவின் பாதுகாப்பை இமயமலையில் மட்டும் தேடாமல் சிங்கப்பூர், இலங்கை, மொரிசியஸ் என்று ஒரு கடல் வளையமாக யோசிக்கச் சொன்னார்கள். திருகோணமலை அந்த வளையத்தில் ஒரு கொக்கி. அன்று அது டில்லிக்குக் கிழக்குப் பிரச்சினையாகவே தெரிந்தது.

பிறகு அந்தப் பார்வை மங்கிப் போனதற்குக் காரணம் எளிது. சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவின் போர்கள் எல்லாம் தரையில் நடந்தன: காஷ்மீர், 1962 இல் சீன எல்லை, 1965 இல் பாகிஸ்தான். கடற்படைக்குப் பணம் கடைசியாகவே வந்தது. போதாதற்குத் திருகோணமலை பிரித்தானியர் கையிலேயே இருந்தது. 1947 நவம்பரில் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி அவர்கள் இங்கும் கட்டுநாயக்காவிலும் தளங்களை வைத்திருந்தார்கள். 1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அவற்றைத் திருப்பிக் கேட்டார். 1957 ஒக்ரோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளம் கைமாறியது. காவலுக்கு ஒரு வல்லரசு நின்றவரை, அந்த வாசலைப் பற்றி டில்லி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

1971: ஒரே ஆண்டில் மூன்று பாடம்

ஒரு நாட்டின் சிந்தனை திடீரென்று திரும்பும் ஆண்டுகள் அரிது. இந்தியாவுக்கு 1971 அப்படியானது.

அந்த ஆண்டு பெப்ரவரியில் இந்தியா தன் வான்பரப்பில் பாகிஸ்தான் விமானங்களைத் தடை செய்தது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்கு, அதாவது இன்றைய பங்களாதேஷுக்கு, போகும் விமானங்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்தன. தெற்கே இருக்கும் சிறிய நாட்டின் ஓர் ஓடுபாதை, கிழக்கே நடக்கும் போருக்கு உதவக்கூடும் என்பது டில்லிக்கு அப்போதுதான் உறைத்தது. ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது கொழும்பு உதவி கேட்க, இந்தியா படை உதவி அனுப்பியது. அதே அரசாங்கத்தோடு ஒரு விஷயத்தில் மனக்கசப்பும் இன்னொரு விஷயத்தில் ஒத்துழைப்பும் ஒரே நேரத்தில் நடந்தன. புதிதாகப் படிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: அயல்நாட்டு உறவு நல்லது, கெட்டது என்று ஒரே கோட்டில் ஓடுவதில்லை. டிசம்பரில் அமெரிக்கா என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்குள் அனுப்பியது. 1942 இன் பயம் வேறு கொடியோடு திரும்பி வந்தது.

அதே டிசம்பரில்தான், சிறிமாவோ பண்டாரநாயக்க முன்வைத்த யோசனையின்படி, ஐ.நா. பொதுச்சபை இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாகப் பிரகடனம் செய்தது. சிறிய நாடும் தன் கொள்கையால் பெரிய நாடுகளின் சிந்தனையில் ஒரு பங்கு வகிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். டில்லி யோசிக்கும், கொழும்பு கேட்டுக்கொண்டிருக்கும் என்று கதை சொல்வது தவறு.

1987: பயத்தை எழுத்தில் வைத்தல்

1980களின் தொடக்கத்தில் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் மேற்கு நாடுகள் பக்கம் சாய்ந்தது. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டிகளை, குத்தகைக்கு விடக் கேள்விப்பத்திரம் கோரியது. அமெரிக்காவின் குரல் வானொலிக்குப் பெரிய ஒலிபரப்பு நிலையம் அமைக்க இடம் கொடுக்க உடன்பட்டது. 1983 ஜூலை வன்முறையும், தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த அகதிகளும் இதோடு ஒன்றாகக் கலந்தன.

1987 ஜூலை 29 இல் கைச்சாத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும்: வடக்கு-கிழக்கு இணைப்பு, மாகாண சபை, இந்தியப் படை. அதோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட கடிதங்களை வாசித்தவர்கள் குறைவு. டில்லியின் சிந்தனையை அறிய ஒப்பந்தத்தைவிட அந்தக் கடிதங்களே முக்கியம் என்பது நமது கருத்து. அவற்றில் திருகோணமலையும் மற்றைய துறைமுகங்களும் இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுக்கப்படமாட்டா என்று உறுதி இருக்கிறது. எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்கும் வேலையை இரு நாடுகளும் கூட்டு முயற்சியாகச் செய்யும் என்று இருக்கிறது. வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் பற்றிய உடன்பாடுகளை மீளாய்வு செய்வது பற்றியும் இருக்கிறது.

முதலாவது பயம். இரண்டாவது தேவையின் உடுப்பை அணிந்த பயம்: அன்றைய இந்தியாவுக்கு அந்தக் குதங்கள் வணிக ரீதியாகப் பெரிதாகத் தேவைப்படவில்லை, வேறு யாரும் எடுத்துவிடக்கூடாது என்பதே குறி. அதனால்தான் எழுதிய பிறகும் பல ஆண்டுகளுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை. டில்லியும் வோஷிங்டனும் குதங்களைப் பற்றிப் பதற்றப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிங்கப்பூரின் பிறீமா மா ஆலையும் ஜப்பானியக் கூட்டோடு வந்த டோக்கியோ சீமெந்து ஆலையும் இதே துறைமுகத்தின் கரையில் சத்தமில்லாமல் இயங்கத் தொடங்கியிருந்தன. கிழக்காசியா இங்கே ஏற்கனவே வந்துவிட்டது. இராஜதந்திரிகளின் கண் அதில் படவில்லை.

கிழக்கைப் பார்த்தபோது இலங்கை விடுபட்டது

இந்திய அமைதி காக்கும் படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறியது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் டில்லிக்கு இலங்கை தொட்டால் சுடும் விஷயமாகிவிட்டது. கை வைக்காமல் தூரத்தில் நின்று பார்ப்பதே கொள்கை.

அதே நேரத்தில் நரசிம்ம ராவ் அரசாங்கம் கிழக்கு நோக்கும் கொள்கையைத் தொடங்கியது. சோவியத் யூனியன் உடைந்து பெரிய வர்த்தகப் பங்காளி இல்லாமல் போனது. 1991 இல் அந்நியச் செலாவணி வற்றியது. தென்கிழக்காசியா வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1992 இல் தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்போடு துறைசார் உரையாடல் உறவு, 1995 இல் முழு உரையாடல் உறவு. இதில் இலங்கைக்கு இடமில்லை. சிங்கப்பூருக்குப் போகும் வழியில் கிடக்கும் துறைமுகம் "கிழக்கு" என்ற கோப்பில் இல்லாமல், "தெற்கு, பாதுகாப்பு, இனப்பிரச்சினை" என்ற கோப்பிலேயே கிடந்தது.

கதவு சற்றுத் திறந்தது 1990களின் பிற்பாதியில். 1996 இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஐ.கே. குஜ்ரால், சிறிய அயலவர்களிடம் இந்தியா பதிலுக்குப் பதில் எதிர்பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்றார். அந்தப் பட்டியலில் பங்களாதேஷ், பூட்டான், மாலைதீவு, நேபாளம் ஆகியவற்றோடு இலங்கையும் இருந்தது. 1997 ஜூனில் பாங்கொக்கில் பங்களாதேஷ், இந்தியா, இலங்கை, தாய்லாந்து நான்கும் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு, பின்னர் மியன்மார், நேபாளம், பூட்டானையும் சேர்த்து இன்றைய பிம்ஸ்டெக், அதாவது வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பு, ஆனது. காகிதத்தில் இலங்கை முதன்முறையாக வங்காள விரிகுடா நாடாகியது. 1998 டிசம்பரில் கைச்சாத்தான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பிம்ஸ்டெக் பெயரளவில்தான் நெடுநாள் இருந்தது: நிரந்தரச் செயலகம் டாக்காவில் திறக்கப்பட்டது 2014 இல், சாசனம் கைச்சாத்தானது 2022 மார்ச்சில் கொழும்பு மாநாட்டில். 25 ஆண்டுகள் சாசனம் இல்லாமல் ஓடிய அமைப்பு! தேவை இருந்தது, கருவி செய்யப்படவில்லை.

குதங்களை எண்ணிப் பார்த்தல்

இனி எண்களுக்கு வருவோம், ஏனெனில் சிந்தனை மாறியதா என்பதைப் பேச்சைவிட எண் நன்றாகக் காட்டும்.

சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய குதங்களில் கணக்கில் இருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். மொத்தம் கிட்டத்தட்ட 12 இலட்சம் கிலோலீற்றர். இதில் கீழ்த்தொகுதியில் உள்ள சிறு பகுதியே பாவனையில் இருந்தது. மேற்தொகுதி பெரும்பாலும் காடு மூடிக் கிடந்தது.

2003 இல், 1987 கடிதம் எழுதி 16 ஆண்டுகளுக்குப் பின், இந்திய அரசுத்துறை எண்ணெய் நிறுவனமான இந்தியன் ஒயிலின் இலங்கைத் துணை நிறுவனம் லங்கா ஐ.ஓ.சி. உள்ளே வந்தது. 35 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 1 இலட்சம் அமெரிக்க டொலர் என்ற அடிப்படையில் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை. முறையான குத்தகைப் பத்திரம் ஆறு மாதத்தில் எழுதப்பட வேண்டும் என்று இருந்தது, எழுதப்படவில்லை. இந்த ஓட்டைதான் பின்னர் 15 ஆண்டுகளுக்கு மேலாக எல்லாத் தகராறுக்கும் காரணமானது. "இந்தியாவுக்குக் குத்தகையே இல்லை" என்று கொழும்பில் ஒரு தரப்பு சொல்ல முடிந்தது. "உடன்படிக்கை இருக்கிறது" என்று மறுதரப்பும் சொல்ல முடிந்தது. இருவருமே பொய் சொல்லவில்லை. 2017 இல் கூட்டு நிறுவன யோசனை வந்தபோது பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின.

2022 ஜனவரி 6 இல் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. காலம் 50 ஆண்டு. 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கு. 24 இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐ.ஓ.சி.க்கு 49. பங்கு வீதத்தைக் குதமாக மாற்றிப் பார்த்தால் இந்தியத் தரப்புக்குக் கிட்டத்தட்ட 44, இலங்கைத் தரப்புக்கு 55.

இந்தக் கணக்கில் மூன்று விஷயம் தெரிகிறது. 1987 இல் முழுத் தொகுதிக்கும் பேசப்பட்ட கூட்டு முயற்சி 61 குதங்களுக்குச் சுருங்கியது. கொழும்பு பேரம் பேசி 24 ஐத் தனியே எடுத்துவைத்தது. பெரும்பான்மைப் பங்கு இலங்கையிடம் இருப்பது தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குக் கொடுத்த பதில். மூன்றாவது, நேரம்: கொழும்பிடம் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் போய்க்கொண்டிருந்த மாதம் அது. ஜனவரியில் 400 மில்லியன் டொலர் நாணயப் பரிமாற்ற வசதி, பெப்ரவரியில் 500 மில்லியன் டொலர் எரிபொருள் கடன் வசதி என்று இந்தியாவின் உதவி அந்த ஆண்டில் ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் வரை போனது. 35 ஆண்டு இழுபட்ட விஷயம் கொழும்பின் நெருக்கடியில் சில வாரங்களில் முடிந்தது. பலவீனமான பக்கத்தின் நெருக்கடியே பலமான பக்கத்தின் பழைய கோப்புகளைத் திறக்கும். இது வெளியுறவில் திரும்பத் திரும்ப நடப்பது.

சீனா, மின்சாரம், மீண்டும் கிழக்கு

2014 செப்டெம்பரில் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் தரித்தது. 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022 ஓகஸ்டில் சீனக் கண்காணிப்புக் கப்பல் யுவான் வாங் 5 அங்கே வந்து நின்றது. இவை டில்லியின் பழைய பயத்துக்குப் புதிய முகவரி கொடுத்தன. மறுபக்கம், 2014 நவம்பரில் மியன்மாரில் நடந்த மாநாட்டில் மோடி கிழக்கு நோக்கும் கொள்கையைக் கிழக்கில் செயற்படும் கொள்கை என்று மாற்றி அறிவித்தார். வங்காள விரிகுடா ஒரே வெளியாகப் பேசப்படத் தொடங்கியது. அப்படிப் பார்த்தபோது திருகோணமலை, 1942 க்குப் பின் முதன்முறையாக, மறுபடியும் கிழக்குக் கடலின் துறைமுகமாகத் தெரிந்தது. ஆனால் இம்முறை கையில் எடுத்த கருவி எரிசக்தி.

திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர் இதற்கு நல்ல பாடம். 2006 இல் இந்தியத் தேசிய அனல் மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் அங்கே 500 மெகாவோட் நிலக்கரி மின் நிலையம் கட்ட உடன்பட்டன. அதே ஆண்டுதான் யுத்தத்தால் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஒரு மின் நிலையத்தின் இடம் வரைபடத்தில் குறிக்கப்படும்போது அந்த நிலத்தின் சொந்தக்காரர் முகாமில் இருந்தார். மீள்குடியேற்றம், சுற்றாடல் வழக்கு, விலைத் தகராறு என்று பத்து ஆண்டு இழுபட்டு 2016 இல் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5 இல் கொழும்பில் இருந்தபடியே மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் தொடக்கிவைத்தது அதே சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின் திட்டம். இடம் மாறவில்லை, பங்காளி மாறவில்லை. எரிபொருள் மாறியது, அளவு நான்கில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

அன்று கைச்சாத்தான இன்னொன்று: திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் செய்த புரிந்துணர்வு உடன்படிக்கை. 1987 இல் மூன்றாவது நாடு வரவே கூடாது என்று கடிதம் எழுதிய டில்லி, இங்கே தானே மூன்றாவது நாட்டைக் கூட்டிவந்திருக்கிறது. பயம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். எந்த மூன்றாவது நாடு என்பதைத் தானே தெரிவுசெய்யும் வசதி வந்திருக்கிறது. அதே நாளில் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கும் தனியாக ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது.

வாசிக்கும்போது வழுக்கும் இடங்கள்

முதலில் ஆவணத்தின் வகையைப் பாருங்கள். கூட்டறிக்கை என்பது விருப்பம். புரிந்துணர்வு உடன்படிக்கை என்பது பேசிக்கொண்டே இருப்போம் என்ற உடன்பாடு. குத்தகை, கூட்டு நிறுவனப் பதிவு, பங்கு வீதம், நிதி ஒதுக்கீடு இவை வந்தால்தான் கொள்கை தரையில் இறங்கியது என்று அர்த்தம். 2003 இன் கதையே போதும்.

அடுத்து, ஒரே விஷயம் அடுத்தடுத்த அறிக்கைகளில் எப்படிச் சொல்லப்படுகிறது என்று ஒப்பிடுங்கள். 2023 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க டில்லி போனபோது மாகாண சபைகளை உருவாக்கிய 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை மோடி பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். 2024 டிசம்பரில் அநுர குமார போனபோது அரசியலமைப்பை முழுமையாக நடைமுறைப்படுத்துவது, மாகாண சபைத் தேர்தல் என்று பேச்சு அமைந்தது. 13 என்ற எண் இல்லை. தமிழர் விஷயம் டில்லியின் அடுக்கில் எங்கே நகர்கிறது என்பதை இப்படித்தான் அளக்க வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் பலர் இதை மட்டுமே பார்த்து மற்றதை விட்டுவிடுவதும், வேறு சிலர் சீனாவை மட்டுமே பார்த்து இதை விட்டுவிடுவதும் வழக்கம்.

மூன்றாவது, டில்லியை ஒரே மனிதராக நினைப்பது. அங்கே வெளியுறவு அமைச்சு, கடற்படை, எண்ணெய் நிறுவனங்கள், சென்னை அரசியல் எல்லாம் வெவ்வேறு திசையில் இழுக்கும். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதும் முக்கியம். 2016 இல் இந்திய வெளியுறவு அமைச்சில் இந்து சமுத்திரப் பிரிவு தொடங்கப்பட்டு இலங்கை, மாலைதீவு, மொரிசியஸ், சீஷெல்ஸ் அதற்குள் வைக்கப்பட்டன. பங்களாதேஷும் மியன்மாரும் வேறு பிரிவில். பேச்சில் கிழக்கு என்றாலும் மேசையில் நாம் இன்னும் தெற்குத் தீவுகளோடுதான். எனவே சிந்தனை முழுதாகத் திரும்பிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம்.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது இந்தியாவிலிருந்து வரப்போவதாகச் சொல்லப்படும் எரிபொருள் குழாய்ப்பாதை. 2023 அறிக்கையில் அது தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு என்று இருந்தது. 2024 அறிக்கையில் அமீரகமும் சேர்ந்தது. இதற்குச் சாத்தியக்கூற்று ஆய்வு, செலவைப் பகிரும் விகிதம், கூட்டு நிறுவனப் பதிவு, சுற்றாடல் அறிக்கை, காணி எடுப்புக்கான வர்த்தமானி என்று ஐந்து ஆவணங்களாவது வர வேண்டும். கடைசியாகச் சொன்ன வர்த்தமானி வரும் நாளில் எந்தக் கிராம சேவகர் பிரிவின் பெயர் அதில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சம்பூரில் அதைப் பார்க்க ஊரில் ஆள் இருக்கவில்லை.